பாதமெத்தை கிழிந்த நாய்க்குத் தையல் வேண்டுமா, கட்டுப் போதுமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் 4 வயது நாட்டு நாய் இருக்கிறது. கடுவன், 18 கிலோ. பம்புசெட் கொட்டகைக்கு ராக்காவல் அதுதான். 5 நாளைக்கு முன் வாய்க்காலில் இறங்கியபோது உடைந்த பாட்டில் அறுத்து, இடது முன்னங்காலின் உள்ளங்கால் சதை கிழிந்துவிட்டது. ஒரு ஓரம் ஒட்டிக்கொண்டிருக்க, மீதி நாக்கு மாதிரித் தொங்குகிறது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசித் துணி சுற்றினோம். அவிழ்த்துவிட்டு நக்கிக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "ஆபரேஷன் பண்ணித் தைக்காவிட்டால் கால் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார். தைக்காமல் ஆறுமா? என்ன மருந்து போடுவது? வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா? டி.டி. ஊசி வேண்டுமா? சம்பா நடவு நேரம், எங்கு பார்த்தாலும் சேறு.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கால் போகிற அளவுக்கு எதுவும் தெரியவில்லை. பாதமெத்தைக் காயங்களில் பெரும்பாலானவை தையல் இல்லாமலே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு 3 வாரமாவது ஆகும். அந்த 3 வாரமும் கால் காய்ந்தபடி, கட்டோடு இருக்க வேண்டும். மருந்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் காயத்தில் மருந்தின் பங்கு கால்வாசி என்றால் கட்டின் பங்கு முக்கால்வாசி.

அதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நாயைச் சிமென்ட் தரையில் நிற்க வையுங்கள். நொண்டினாலும் ஒரு நொடியாவது காலை ஊன்றும். அப்போது குனிந்து, காயம்பட்ட காலின் நகங்களை மறு காலின் நகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு நகம் மட்டும் தரையைப் பார்க்காமல் மேல்நோக்கி நிமிர்ந்து நின்றால், அந்த விரலை மடக்கும் தசைநாண் (நம் ஊர்ப் பேச்சில் நரம்பு) அறுந்திருக்கிறது என்று பொருள். பாட்டில் கண்ணாடி மெத்தையை ஆழமாக அறுத்தால் இப்படி நேர்வதுண்டு. வெளிக்காயம் சின்னதாகத்தான் தெரியும். இதைக் கட்டால் சரிசெய்ய முடியாது. நகம் நிமிர்ந்திருந்தால் மேற்கொண்டு படிப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். எலும்போ, வெள்ளை நூல்போன்ற நாணோ கண்ணுக்குத் தெரிந்தாலும், 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்த பிறகும் ரத்தம் சொட்டினாலும் அதே கதைதான்.

நகங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? அப்படியானால் தையல் கணக்கைப் பார்க்கலாம். நாயின் உடம்பிலேயே தடித்த தோல் பாதமெத்தையில்தான். மேலே கொம்புபோல் இறுகிய படலம்; அதன் அடியில் நார்களால் பின்னிய கொழுப்பு. கால் ஊன்றும்போது இந்தக் கொழுப்பு நசுங்கி நாலாபுறமும் பிதுங்கும், தூக்கும்போது சுருங்கும். ஒவ்வோர் எட்டிலும் காயத்தின் வாய் விரிந்து மூடுகிறது. தைத்த நூல் இந்த இழுப்பில் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால்தான் மெத்தையில் போட்ட தையல், கட்டும் ஓய்வும் இல்லாவிட்டால் பிரிந்துபோகிறது. ஆழமான, ஓரம் சுத்தமாக உள்ள வெட்டை அடிபட்ட 6 முதல் 8 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் தைப்பதில் பலன் உண்டு. உங்கள் நாய்க்கு 5 நாள் ஆகிவிட்டது. வாய்க்கால் சேறும் புகுந்திருக்கிறது. இப்போது இழுத்துத் தைத்தால் உள்ளே அழுக்கைப் பூட்டிவைத்ததுபோல் ஆகும். திறந்தபடி வைத்து, அடியிலிருந்து சதை வளர்ந்து தானே மூடட்டும் என்று விடுவதுதான் இப்போது சரியான வழி.

தொங்கும் தோலை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முக்கியமான சங்கதி அதுதான். கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். அது இளஞ்சிவப்பாகவோ கறுப்பு மெத்தையின் இயல்பான நிறத்திலோ, மெத்தென்று, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. காயத்தின் மேல் அதன் இடத்திலேயே படியவைத்துக் கட்டுங்கள். ஒட்டாமல் போனாலும் அடியில் புதுச்சதை வளரும்வரை இயற்கையான மூடியாக இருக்கும். சாம்பல் நிறமாகி, சில்லென்று, நாற்றம் அடித்தால் அது செத்த சதை. அதை எடுக்காமல் புண் ஆறாது. எடுப்பது மருத்துவர் வேலை. மரத்துப்போக ஊசி போட்டுச் செத்ததை மட்டும் நறுக்குவார். உங்களுக்குத் தெரிந்தவர் சொல்லும் ஆபரேஷன் இந்தச் சின்ன வேலையாகவே இருக்கலாம். வறட்டுத் தோல்போலக் காய்ந்து சுருண்டுவிட்ட வெளி ஓரத்தில் உணர்ச்சி இராது; அதை மட்டும் நீங்களே நறுக்கலாம், நாய் காலை இழுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது கழுவுவது. மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து பிசின்போல ஒட்டியிருக்கும். அது போனால்தான் காயம் கண்ணுக்குத் தெரியும். ஆள் இருவர் வேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும் வாயைக் கட்டிவிடுங்கள். வலி வந்தால் அதற்கு வளர்த்தவர், மற்றவர் என்ற பேதம் தெரியாது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் காடாத் துணி நாடா. மூக்குக்கு மேலே ஒரு சுருக்கு, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, இரு முனையையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் அவிழ்க்க எளிதான முடிச்சு. 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் மாதிரி மூக்கு அமுங்கிய நாய்க்கும் இந்தக் கட்டு போடவே கூடாது.

மெடிக்கலில் 500 மி.லி. நார்மல் சலைன் பிளாஸ்டிக் பாட்டில் வாங்குங்கள். மூடியில் 18 கேஜ் ஊசியால் ஒரு துளை போட்டு, ஊசியை எடுத்துவிட்டு, பாட்டிலை அழுத்தினால் நல்ல வேகத்தில் பீச்சும். அந்த வேகம்தான் மண்ணையும் கிருமியையும் அடித்துக்கொண்டு போகிறது. குவளையில் மொண்டு ஊற்றினால் அது நடக்காது. ஒரு தடவைக்கு 200 முதல் 300 மி.லி. செலவாகட்டும். சலைன் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன், தலைதட்டி, பொடி உப்பு. கல்லுப்பில் அளவு தப்பும். முதல் நாள் மட்டும் எண்ணெய்ப் பிசுக்குப் போக, காயத்தைச் சுற்றியுள்ள முடியில் மிதமான சோப்புத் தண்ணீர் போடலாம், காயத்துக்குள் போகக் கூடாது.

பிறகு பீட்டாடின். நேராக ஊற்றுவதுதான் நடைமுறையில் நான் காணும் பெரிய தவறு. அடர்த்தியான அயோடின் கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் சதையையும் சாகடிக்கும். 5 சதவீதக் கரைசலானால் 100 மி.லி. சலைனுக்கு 10 மி.லி., 10 சதவீதமானால் 5 மி.லி. பால் விடாத இளம் டீயின் நிறம் வந்தால் சரி. கடையில் கேட்கும்போது 'சொல்யூஷன்' என்று சொல்லிக் கேளுங்கள். 'ஸ்க்ரப்' என்று எழுதியிருப்பதில் சோப்பு கலந்திருக்கும், அது கை கழுவ, தோல் தேய்க்க. சதை சிவந்து வளரத் தொடங்கிய பிறகு பீட்டாடினை நிறுத்திவிட்டு, வெறும் சலைன்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பினாயில், சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மஞ்சளைக் குறை சொல்லவில்லை. ஆனால் திறந்த புண்ணில் பொடியாக அப்பினால் அது கட்டியாகி, அடியில் சீழ் சேர இடம் கொடுக்கிறது. கற்பூரம் கலந்த எண்ணெயை மட்டும் கண்டிப்பாகத் தொடாதீர்கள். நாய் நக்கும், கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

கழுவியபின் துடைக்காமல், காஸ் துணியை வைத்து ஒற்றி எடுங்கள். விரல் இடுக்குகளையும் ஒற்றுங்கள். வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடிச் சில் மின்னும். மேலாகத் தெரிந்தால் சாமணத்தால் எடுக்கலாம். உள்ளே நோண்டித் தேடாதீர்கள், ரத்தம் வந்து எல்லாம் மறைந்துவிடும். இருக்கிறதோ என்ற சந்தேகம் மிச்சமிருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம், கண்ணாடி பெரும்பாலும் அதில் தெரியும். முள் தெரியாது. சீமைக் கருவேல முள் உடைந்து தங்கிய காலில் மேல்காயம் மூடிவிடும். வாரம் கழித்து விரல் இடுக்கில் ஒரு கொப்புளம் கிளம்பும், உடையும், ஆறும், மறுபடி கிளம்பும். அந்தச் சுற்று நடந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

பூச்சாக ஒரு சதவீத சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, தீப்புண்ணுக்குப் போடுவார்களே அதுதான், மெல்லிய பூச்சாக முதல் 4, 5 நாளுக்குப் போதும். களிம்பை வெண்ணெய்போல அப்பினால் காயம் ஊறி வெளுத்துவிடும். தேன் வைத்துக் கட்டலாமா என்று பலர் கேட்பார்கள். தேனும் சர்க்கரையும் காயத்து நீரை உறிஞ்சிக் கிருமி வளரவிடாமல் தடுப்பது உண்மைதான். கால்நடை மருத்துவத்தில் நாற்றமடிக்கும் புண்ணுக்கு வெள்ளைச் சர்க்கரையை ஒரு செ.மீ. கனத்தில் வைத்துக் கட்டுவது பழக்கத்தில் உள்ள முறை. ஆனால் நாளுக்கு ஒன்றிரண்டு தடவை மாற்ற வேண்டும். திண்ணையில் படுக்கும் நாய்க்கு எறும்பு மொய்த்துவிடும். உங்கள் வீட்டுக்கு அது தோதுப்படாது என்பது என் எண்ணம்.

கட்டுக்கு வருவோம். வேண்டியவை: பாரஃபின் காஸ் (ஒட்டாத காஸ் என்று கேட்டாலும் தருவார்கள்), சாதாக் காஸ், பஞ்சு ரோல், 3 அங்குல ரோலர் பேண்டேஜ், ஒட்டுப் பிளாஸ்திரி.

நாயைக் காயம்பட்ட கால் மேலே வரும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முதல் வேலையாக இரண்டு பிளாஸ்திரித் துண்டுகளை, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், மணிக்கட்டுக்குக் கீழே காலின் இரு பக்கமும் ஒட்டி, பாதி நீளம் கால் நுனியைத் தாண்டித் தொங்கும்படி விடுங்கள். இரண்டு வாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நடுவில் ஒரு ஐஸ் குச்சி. கட்டு முடிந்தபின் இந்த வால்களைத் திருப்பி மேலே கட்டின்மேல் ஒட்ட வேண்டும். இதைச் செய்யாத கட்டுதான் காலுறைபோல ஒரே உதறலில் கழன்று விழுகிறது. உங்கள் துணி நிற்காததற்கு நாயின் சாமர்த்தியம் பாதிக் காரணம்தான்.

அடுத்து விரல்கள். 4 விரலுக்கு 3 இடுக்கு; ஒவ்வொன்றிலும் சிறு பஞ்சுச் சுருள். உள்பக்கம் மேலே இருக்கும் கட்டை நகத்துக்கு அடியில் ஒன்று, விரல் மெத்தைகளுக்கும் நடு மெத்தைக்கும் இடையிலான பள்ளத்தில் ஒன்று. நாய்க்கு வியர்ப்பது பாதமெத்தையில்தான். கட்டுக்குள் வியர்வை சேர்ந்து, விரலோடு விரல் உரசி, காயமே இல்லாத இடத்தில் புதுப்புண் வந்துவிடும். இந்தப் பஞ்சு அதைத் தடுக்கிறது. பாரஃபின் காஸைக் காயத்தின் அளவுக்கு மட்டும் வெட்டி வையுங்கள். பெரிதாக வைத்தால் சுற்றியுள்ள நல்ல மெத்தை ஊறிப்போகும். அதன்மேல் 4, 5 மடிப்புக் காஸ். அதன்மேல் பஞ்சை இரண்டு மூன்று சுற்று, மெத்தைப் பக்கம் கொஞ்சம் கனமாக. ஊன்றும்போது மெத்தை பிதுங்காமல் காப்பது இந்தக் கனம்தான்.

ரோலர் பேண்டேஜை விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் ரத்தம் பாதத்தில் தேங்கிவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். மணிக்கட்டைத் தாண்டி 4 விரல்கடை மேலே போய் முடியுங்கள். நடு விரல்கள் இரண்டின் நகமும் வெளியே தெரிய வேண்டும், இதை மறக்காதீர்கள். கட்டின் மேல்வாயில் உங்கள் இரண்டு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி. கிரேப் பேண்டேஜ்தான் இருக்கிறது என்றால் முழுதும் பிரித்து, தளர்த்திச் சுருட்டி, பிறகு சுற்றுங்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்தபடி இழுத்துச் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் நெரிக்கத் தொடங்கும். ரப்பர் பேண்ட், நூல், சணல் எதையும் மேலே கட்டாதீர்கள். காயத்தால் போகாத கால் நூல் இறுக்கத்தால் போகும்.

வெளியே விட்ட அந்த இரண்டு நகங்களைக் காலையும் மாலையும் பாருங்கள். இயல்பில் அவை ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இணையாக நிற்கும். நடுவில் சந்து விழுந்து, நகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கத் தொடங்கினால் உள்ளே பாதம் வீங்குகிறது. விரல் நுனி சில்லிட்டிருந்தாலும் அப்படித்தான். யோசிக்காமல் கட்டைப் பிரியுங்கள். அதுவரை பேசாமல் இருந்த நாய் திடீரென்று கட்டைக் கடித்துக் குதறினாலும் பிரித்துப் பாருங்கள். அடித்து அதட்டி வைப்பவர்கள் உண்டு. உள்ளே இறுக்கமோ ஈரமோ சீழோ இருப்பதை நாய் தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது.

முதல் 3, 4 நாள் தினமும் கட்டு மாற்றுங்கள். நீர் கசிவது குறைந்ததும் 2 நாளுக்கு ஒருமுறை; நன்றாகச் சதை பிடித்தபின் 3 நாளுக்கு ஒருமுறை. இது காய்ந்த கட்டுக்கான கணக்கு. நனைந்த கட்டுக்குக் கணக்கே கிடையாது. நனைந்த அந்த மணி நேரத்திலேயே மாற்ற வேண்டும். ஈரக் கட்டு காயத்தின்மேல் வைத்த சேறு மாதிரி. ஐப்பசி மழையில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். சலைன் ஏற்றிய காலி ட்ரிப்ஸ் பை ஆஸ்பத்திரியிலோ மெடிக்கலிலோ கேட்டால் கிடைக்கும். மேல்பக்கம் வெட்டித் திறந்து, கழுவிக் காயவைத்து, கட்டின்மேல் பூட்ஸ்போல மாட்டி, மேலே பிளாஸ்திரியால் தளர்வாக ஒட்டிவிடுங்கள். மெல்லிய கேரி பை இரண்டு எட்டில் கிழிந்துவிடும், இது தாங்கும். வெளிக்கு விடும் நேரம் மட்டும் மாட்டி, உள்ளே வந்ததும் கழற்ற வேண்டும். அப்படியே விட்டுவிட்டால் வியர்வையிலேயே கட்டு நனைந்துபோகும்.

நக்குவதைப் பற்றி. நாய் எச்சில் மருந்து என்பது வெகுநாள் நம்பிக்கை. ஆனால் ஓயாமல் நக்கும் நாக்கு, புதிதாக ஊரும் மெல்லிய தோலைச் சுரண்டி எடுத்துவிடுகிறது, காயத்தை ஓயாமல் ஈரமாக வைக்கிறது. கழுத்துப் புனல் கடையில் கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைப் புனலாகச் சுருட்டிக் கழுத்துப் பட்டையோடு சேர்த்துத் தையுங்கள். ஓரத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டாவிட்டால் கழுத்தை அறுக்கும். மூக்கு நுனியைத் தாண்டி 3 விரல்கடை நீண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பிரயோசனமில்லை. சோற்றுத் தட்டை ஒரு செங்கல்மேல் உயர்த்தி வைத்தால் புனலோடு சாப்பிடப் பழகிவிடும். கட்டின்மேல் மிளகாய், வேப்பெண்ணெய் தடவும் யோசனைகள் வரும். அது கட்டுக்குள் இறங்கினால் எரிச்சலில் நாய் இன்னும் அதிகமாகக் கடிக்கும்.

வலி மாத்திரைக்கு என் பதில் கண்டிப்பான 'வேண்டாம்'. வீட்டில் இருப்பது பாரசிட்டமாலோ, டைக்ளோஃபெனாக்கோ, ஐபுப்ரோஃபெனோ ஆகத்தான் இருக்கும். பின்னிரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்த வாந்தி, கறுப்பு மலம் வரை கொண்டுபோகும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போகும். (டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006இலேயே நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது, அது கழுகுகளுக்காக. செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.) நாய்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது மெலாக்சிகாம். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாள்களில் 0.1 மி.கி., சாப்பாட்டோடு. உங்கள் நாயின் எடைக்கு முதல் நாள் 3.6 மி.கி., பிறகு 1.8 மி.கி. மனிதருக்கான மாத்திரை 7.5, 15 மி.கி. அளவில் வருகிறது. 15 மி.கி. மாத்திரையை முழுசாகக் கொடுத்தால் அடுத்த நாள் அளவின் 8 மடங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் பெயர் தெரிந்தாலும் மருத்துவர் எழுதிய சீட்டோடு வாங்குங்கள் என்கிறேன். வாந்தி பேதி உள்ள நாய்க்கும், தண்ணீர் குடிக்காமல் வாடிய நாய்க்கும் அதுவும் ஆகாது. வலி முழுதும் அடங்கிவிட்டால் நாய் ஓடத் தொடங்கிவிடும் என்ற சங்கடமும் இருக்கிறது.

டி.டி. ஊசி நாய்களுக்கு வழக்கமாகப் போடுவதில்லை. மனிதரையும் குதிரையையும் தாக்குவதுபோல் டெட்டனஸ் நாயை அவ்வளவு எளிதில் தாக்குவதில்லை. அபூர்வமாக வரலாம்: காயத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காது இரண்டும் விறைத்து நிமிர்ந்து, நெற்றித் தோல் சுருங்கி, வாயைத் திறக்க முடியாமல் நாய் மரக்கட்டைபோல் நடந்தால் உடனே கொண்டுபோங்கள். அதைவிட, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு தாண்டிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். தினமும் கட்டு மாற்றும் கை அதன் வாய்க்குப் பக்கத்தில் போகிறது. பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டாகிவிட்டதா என்று அதே அட்டையில் தெரியும். நாற்றங்கால் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்காமல் இராது. அந்த நோய்க்கு வாசல் திறந்த புண்தான், உங்கள் காலிலுள்ள வெடிப்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆன்டிபயாடிக் எல்லாக் காயத்துக்கும் தேவைப்படாது. பாதம் சுட்டு வீங்கி, சீழ் நாற்றம் அடித்து, நாய் சோறு தின்னாமல் சுருண்டு கிடந்தால் தேவை. அப்போதும் எது, எத்தனை நாள் என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மெடிக்கலில் சொல்லி இரண்டு நாளுக்கு வாங்கிப் போட்டு நிறுத்துவது, போடாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது, 5 நாளாகத் துணியும் எச்சில் ஈரமுமாக இருக்கும் புண் என்பதுதான். இந்தக் காலத்தில் ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள்ளேயே புழு பொரித்துவிடும். முதல் கட்டு பிரிக்கும்போது விரல் இடுக்கில் குண்டூசித் தலை அளவு துளைகள் இருக்கின்றனவா, ரத்தம் கலந்த தண்ணீர் கசிகிறதா, அழுகல் நாற்றம் வருகிறதா, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் துளைக்குள் ஏதாவது நெளிகிறதா என்று கவனியுங்கள். புழு இருந்தால் கற்பூரத் தைலத்தை ஊற்றாதீர்கள். மேலே தெரிவதைச் சாமணத்தால் எடுத்து, சலைனால் பீச்சிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனை போய்விடுங்கள். உள்ளே எத்தனை ஆழம் போயிருக்கிறது என்பது வீட்டில் தெரியாது. மாட்டுக்கு வாங்கி வைத்த புழு ஸ்ப்ரேயைக் கேட்காமல் அடிக்க வேண்டாம், நாய் அந்தக் காலை நக்கியே தீரும். உங்கள் ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே வசதி இல்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மன்னார்குடிக்குத் தூரமில்லை.

எல்லாம் சரியாகப் போனால் என்ன தெரியும்? முதல் 3 நாள் கசிவும் சிவப்பும். 4, 5ஆம் நாள் வாக்கில் அடியில் மாதுளை முத்துப்போலச் சிவந்த, பொடிப்பொடியான சதை கிளம்பும். தொட்டால் லேசாக ரத்தம் துளிர்க்கும். அது நல்ல அறிகுறி, பயந்து துடைத்து எடுத்துவிடாதீர்கள். பிறகு ஓரத்திலிருந்து வெளுத்த இளஞ்சிவப்பு வளையம் ஒன்று உள்நோக்கி ஊரும். நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது. கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போனில் படம் எடுத்துவைத்தால் வாரத்துக்கு வாரம் சுருங்குவது தெரியும். சதை சிவப்பாக இல்லாமல் வெளிறி, மஞ்சள் படலம் படிந்து, 10 நாளாக அளவு குறையாமல் நின்றால் உள்ளே சில் இருக்கலாம், அல்லது நாய் அதிகம் நடக்கிறது.

பெரும்பாலும் இரண்டாவதுதான். வேண்டிய ஓய்வு இதுதான்: நாள் முழுக்கத் திண்ணையில் கயிற்றில், 3, 4 தடவை மட்டும் வெளிக்கு, ஒவ்வொன்றும் 5 நிமிடம். வைக்கோல் மேல் படுக்க வைக்காதீர்கள், தாள் கட்டுக்குள் குத்தும். காய்ந்த சாக்கை மடித்து மேலே பழைய வேட்டி போதும். மாட்டு மூத்திரம் ஓடும் தொழுவம் கூடாது.

இந்த யோசனை எல்லாம் ஒரு காலில் அடிபட்ட காயத்துக்கு. அடிபடாமலே 4 காலின் மெத்தையும் தடித்து வெடித்தால் அது வேறு நோய். தடுப்பூசி போடாத இளநாயில் அதோடு சளியும் தசைத் துடிப்பும் சேர்ந்தால் டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்) சந்தேகம். விரல் இடுக்கெல்லாம் சிவந்து அரித்தால், ஈரமண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் தோல்வழி ஏறுவதும் காரணமாகலாம். இரவில் வயலுக்குப் போன நாயின் பாதம் ஒரு மணி நேரத்துக்குள் முழங்கை வரை வீங்கி, ரத்தம் உறையாமல் கசிந்தால், கண்ணாடி விரியன் கடி என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

காயம் மூடிய அன்றே நாயைக் கொட்டகைக்கு அனுப்பிவிடாதீர்கள். புதுத்தோல் வழவழவென்று, வெங்காயச் சருகுபோல் மெல்லிசாக இருக்கும். பழைய மெத்தையின் சொரசொரப்பும் தடிப்பும் வர இன்னும் சில வாரம் பிடிக்கும். முதல் வாரம் வாசல் மண்ணில் 10 நிமிடம். அடுத்த வாரம் வரப்பில், தண்ணீர் இறங்காமல். தார் ரோடு கடைசியில். அதற்கு முன் உங்கள் புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது. நடந்து வந்ததும் மெத்தையில் ரத்தப் பொட்டு தெரிந்தால் ஒரு வாரம் பின்னால் போய், மறுபடி கட்டு. சம்பா அறுவடைக்கு மெஷின் விட்ட வயலில் அரிதாள் கத்திபோல் நிற்கும், தைக்குள் கால் முழுசாகத் தேறியிருந்தாலும் அங்கே மட்டும் அதை இறக்காதீர்கள். கொட்டகைக் காவலுக்குத் திரும்பும்போது, பக்கத்து வாய்க்கால் படித்துறையில் கிடக்கும் பாட்டில் சில்லுகளை ஒருநாள் காலையில் மண்வெட்டியும் சாக்குமாகப் போய் அள்ளிவிடுங்கள். தண்ணீர் நின்ற பிறகு போனால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.